வாட்டர்லூவுக்குப் பிறகு பிரிட்டனும் பிரான்சும் பகையா, உறவா? வரலாறு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

களுவாஞ்சிக்குடி பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். இந்த முறை ஏ/எல் ஆர்ட்ஸ் எடுக்கிறன். வரலாறில ஐரோப்பியப் பகுதிதான் எனக்கு விருப்பம், ஆனா ஒரு விசயம் எவ்வளவு படிச்சாலும் பிடிபடுதில்ல. 1815ல வாட்டர்லூவில நெப்போலியனத் தோற்கடிச்சாச்சு, மறுகா வல்லரசுகள் எல்லாம் மாநாடு வச்சு சமாதானமா இருந்தாங்க எண்டு நோட்ஸில ஒரு வரி இருக்கு. அடுத்த பக்கம் பிரட்டினா 1840ல பிரிட்டனும் பிரான்சும் யுத்தத்துக்குக் கிட்ட வந்திட்டு எண்டு கிடக்கு. அதுக்கும் அடுத்த பக்கம் கிரிமியாவில ரெண்டும் ஒரே பக்கம் நிண்டு ரஷ்யாவோட அடிபடுது. 1898ல ஆப்பிரிக்காவில ஃபஷோடா எண்ட இடத்தில திரும்ப முட்டுது, 1904ல கை குலுக்குது.

ரியூசனில கேட்டா அப்பிடித்தான் பாடமாக்கு எண்டு சொல்றாங்க. வருசங்கள நான் பாடமாக்கிட்டன், அது பிரச்சின இல்ல. ஏன் இப்பிடி மாறி மாறி நடந்த எண்டு எனக்கு விளங்கணும். அந்த நூறு வருசமும் இந்த ரெண்டு நாடும் பகையா இருந்ததா, உறவா இருந்ததா? ஒள்ளம் விளக்கமாச் சொல்லுங்க, நீளமா இருந்தாலும் வாசிப்பன்.

வாவிக்கரை மாஸ்டர்:

தம்பி, இதப் பகை எண்டோ உறவு எண்டோ ஒரு சொல்லில முடிக்கப் பார்த்தா சரிவராது. அந்த நூற்றாண்டு முழுக்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் நம்பல்ல, ஆனா 1815க்குப் பிறகு அந்த நூற்றாண்டில ரெண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு யுத்தமும் செய்யல்ல. அதுக்கு முந்தின நூறு வருசத்தில இவங்க சண்டை பிடிக்காத கடல் இல்ல, நம்மட திருகோணமலைக் கடலிலயே 1782ல பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் இங்கிலீஸ்காரரும் பீரங்கி அடிச்சவங்க. அப்பிடிப்பட்ட ஆக்கள் நம்பிக்கை இல்லாமலே எப்பிடி அடிபடாம இருந்தாங்க எண்டு கேட்டுப் படி, உன்ட நோட்ஸில இருக்கிற எல்லா வருசமும் ஒண்டோட ஒண்டு சேரும்.

வியன்னா மாநாட்டில இருந்து தொடங்குவம். பாரிசுக்குள்ள எதிரிப்படை போனது 1814 மார்ச் 31. தோத்த நாட்டின்ட ஆளா செப்டம்பர் மாசம் பிரெஞ்சு வெளிநாட்டு அமைச்சர் தலேரான் வியன்னாவுக்கு வாறார். பிரிட்டன், ஒஸ்ரியா, பிரஷ்யா, ரஷ்யா நாலும் முக்கியமான முடிவெல்லாத்தையும் தங்களுக்குள்ள எடுத்துப்போட்டு மத்த ஆக்களுக்கு அறிவிக்கிறதாத்தான் இருந்திச்சு. தலேரான் வந்து இருந்ததும் கேட்ட கேள்வி, சண்டை முடிஞ்சு போச்சே, இன்னும் யாருக்கு எதிரா நீங்க நாலு பேரும் நேச நாடுகள் எண்டு எழுதுறீங்க எண்டு. யாராலயும் அதுக்குப் பதில் சொல்ல ஏலாமப் போச்சு. அதுக்குள்ள ரஷ்யாவுக்குப் போலந்து வேணும், பிரஷ்யாவுக்கு சக்சனி வேணும் எண்டு இழுபறி. பிரிட்டனின்ட காசில்ரீயும் ஒஸ்ரியாவின்ட மெட்டர்னிக்கும் பயந்து போய் 1815 ஜனவரி 3ல பிரான்சோட சேர்ந்து ரகசிய ஒப்பந்தம் ஒண்டு போடுறாங்க, ரஷ்யாவும் பிரஷ்யாவும் அடிச்சா நாம மூணு பேரும் சேர்ந்து அடிப்பம் எண்டு. பாரிஸ் விழுந்து பத்து மாசம் ஆகல்ல, தோத்தவன் ஜெயிச்சவங்களோட பங்காளி! மறுகா நெப்போலியன் எல்பாவில இருந்து தப்பிப் பாரிசுக்கு வந்து, அங்க கிடந்த அந்த ஒப்பந்தத்தின்ட பிரதியத் தூக்கி ரஷ்ய ஸாருக்கே அனுப்பி விட்டவன், இவங்கள உடைப்பம் எண்டு. ஆனா உடையல்ல, நெப்போலியனுக்குப் பயந்த பயம் அந்தக் கோவத்த விடப் பெரிசா இருந்திச்சு.

அதே மாநாட்டில நடந்த இன்னொரு விசயத்த ஒருத்தரும் படிப்பிக்கிறதில்ல, எனக்கு அது பெரிய விசயமாப் படுது. முந்தி எந்த ராசாவின்ட தூதுவர் முன்னுக்குப் போறது எண்டு வெட்டுக்குத்தே நடந்திருக்கு. 1661ல லண்டனில பிரெஞ்சுத் தூதுவரின்ட வண்டியும் ஸ்பானியத் தூதுவரின்ட வண்டியும் யார் முந்திறது எண்டு நடுரோட்டில சண்டைப்பட்டு ஆக்களும் செத்துப் போனாங்க. 1815 மார்ச் 19ல வியன்னாவில ஒரு விதி போட்டாங்க, ஒரே தரத்தில இருக்கிற தூதுவர்மாருக்குள்ள எந்த நாட்டு ராசா பெரிசு எண்ட பேச்சே இல்ல, யார் அந்தத் தலைநகருக்கு முந்தி வந்து அறிவிச்சாரோ அவர் மூத்தவர். அவ்வளவுதான். இண்டைக்குக் கொழும்பில இருக்கிற வெளிநாட்டுத் தூதுவர்மாருக்கும் கிட்டத்தட்ட அதே முறைதான். பகையாளி ரெண்டு பேர் ஒரு மேசையில இருந்து கதைக்கிறதுக்கு இப்பிடிச் சின்னச் சின்ன ஒழுங்கெல்லாம் தேவைப்பட்டிருக்கு தம்பி.

பிறகு வந்த காலத்தப் பாரு. 1827 ஒக்டோபர் 20ல நவாரினோவில பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்யக் கப்பலெல்லாம் ஒண்டா நிண்டு துருக்கி எகிப்துக் கப்பல்களத் தாட்டிற்று, கிரேக்கம் பிரிஞ்சு போக அது வழி விட்டிச்சு. 1830ல பெல்ஜியம் ஒல்லாந்திட்ட இருந்து பிரிஞ்சுது. பெல்ஜியத்து ஆக்கள் பிரெஞ்சு ராசா லூயி பிலிப்பின்ட மகனத் தங்கட ராசாவாக் கேட்டாங்க. பிரிட்டிஷ் வெளிநாட்டு அமைச்சர் பாமர்ஸ்டன் லண்டனில இருந்து கண்ண உருட்டினார், இது நடந்தா யுத்தம் எண்டு. லூயி பிலிப் மகன விட மாட்டன் எண்டு சொல்லிட்டார். மறுகா பிரிட்டனுக்குப் பிடிச்ச லியோபோல்ட் ராசாவா வந்தார், அவருக்கு லூயி பிலிப் தன்ட மகளக் கட்டிக் குடுத்தார், 1832ல கலியாணம். லண்டனில அந்த நேரம் இதையெல்லாம் பேசி முடிச்ச பிரெஞ்சுத் தூதுவர் யார் தெரியுமா? அதே தலேரான்தான், 76 வயசில.

1840 உண்மையிலயே பயங்கரமான வருசம். எகிப்தில முகம்மது அலி பாஷா துருக்கி சுல்தானுக்கு எதிரா எழும்பி சிரியாவப் பிடிச்சு வச்சிருக்கிறார், பிரான்ஸ் அவருக்குப் பக்கம். பாமர்ஸ்டன் பிரான்ச விட்டுப்போட்டு மத்த மூணு வல்லரசோடயும் ஜூலை 15ல லண்டனில ஒப்பந்தம் போட்டிட்டார். பாரிசில தீப்பிடிச்ச மாதிரி ஆயிட்டு, பிரதமர் தியேர் யுத்தத்துக்கு ஆயத்தம். லூயி பிலிப்தான் ஒக்டோபரில தியேர வீட்ட அனுப்பிப்போட்டு கிஸோவக் கொண்டு வந்து அத அடக்கினவர். இதில கவனிக்க வேண்டியது என்னெண்டா, அதே வருசம்தான் செயின்ட் ஹெலினாவில புதைச்சிருந்த நெப்போலியனின்ட உடல பிரான்சுக்குக் குடுக்கிறதுக்கு அதே பாமர்ஸ்டன் சம்மதிச்சது. ஒரு கையால அடிக்க ஓங்கிக்கொண்டு மத்தக் கையால பிணத்தக் குடுத்திருக்கிறாங்க. டிசம்பர் 15ல பெட்டி பாரிசுக்குள்ள போச்சு.

மூணு வருசத்தில விக்டோரியா மகாராணி பிரான்சுக்கு விருந்துக்குப் போறா, 1843ல ஏ எண்ட ஊரில இருந்த லூயி பிலிப்பின்ட மாளிகைக்கு. எட்டாம் ஹென்றி ராசாவின்ட காலத்துக்குப் பிறகு ஒரு இங்கிலாந்து முடி பிரெஞ்சு ராசாவப் பார்க்கப் போனது அதுதான் முதல் தரம். மறு வருசம் லூயி பிலிப் வின்ட்சருக்கு வாறார். 1846ல ஸ்பெயின் ராணி வீட்டுக் கலியாணத்தில அந்த உறவும் முறிஞ்சு போச்சு. கிரிமியாவப் பத்தி வேற ஆராவது எழுதுங்க, எனக்குக் கண் நோகுது.

ஆரையம்பதி அக்கா:

மாஸ்டர் சொன்னதுக்குப் பிறகு கிரிமியாவ நான் எழுதுறன். வந்தாறுமூலையில படிக்கக்குள்ள எனக்கு மிச்சம் பிடிச்ச பகுதி இது.

1854 மார்ச்சில பிரிட்டனும் பிரான்சும் துருக்கிக்காக ரஷ்யாவுக்கு எதிரா இறங்குது. பிரிட்டிஷ் படைக்குத் தளபதி ராக்லன் பிரபு, வாட்டர்லூவில வலது கையப் பறிகுடுத்தவர். அவர் கிரிமியாவில நிக்கிற நேரம் எதிரியப் பத்திக் கதைக்கக்குள்ள வாய் தவறி பிரெஞ்சுக்காரன் எண்டுதான் சொல்லுவாராம், பக்கத்தில பிரெஞ்சு அதிகாரிமார் நிக்கிறாங்க! கை போன மனுசனுக்கு எதிரி எண்டா மனசில வேற யார் வருவாங்க. அந்த ஆளும் நேத்தைய எதிரியோட ஒரே முகாமில கிடந்து, 1855ல அங்கயே வருத்தம் வந்து செத்துப் போனார்.

அதே 1855 ஓகஸ்ட் மாசம் விக்டோரியா பாரிசுக்குப் போனா. அப்ப அங்க ஆட்சியில இருந்தது நெப்போலியனின்ட தம்பி மகன், மூண்டாம் நெப்போலியன். இரவு நேரம் பந்தம் பிடிச்சுக்கொண்டு நெப்போலியனின்ட பெட்டி இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறாங்க. வெளியில இடி முழக்கம். அவட பாட்டன் மூண்டாம் ஜோர்ஜின்ட பரம எதிரி அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கிறான். அவ தன்ட 13 வயசு மகனப் பார்த்து முழங்காலில நில்லு எண்டு சொல்லியிருக்கிறா. பொடியனும் நிண்டான். தம்பி, அந்தப் பொடியன ஞாபகத்தில வச்சுக்கொள், பேந்தும் வருவான். 1875 டிசம்பரில கொழும்புத் துறைமுக அலைதடுப்பு அணைக்கு முதல் கல்லு வச்ச வேல்ஸ் இளவரசரும் அவர்தான்.

ஆனா இந்த உறவுக்குள்ளயும் சந்தேகம் ஒருநாளும் போகல்ல. நம்மட ஊரில ரெண்டு குடும்பம் வேலிக்குச் சண்டைப்பட்டு வழக்கு நடத்திக்கொண்டிருக்கும், கோயில் திருவிழா எண்டு வந்தா ரெண்டு வீட்டு ஆம்பிளைகளும் ஒரே தேரைத்தான் இழுப்பாங்க, அடுத்த நாள் திரும்ப கோட்டுக்குப் போவாங்க. 1858 ஜனவரியில மூண்டாம் நெப்போலியன் மேல ஒர்சினி எண்ட இத்தாலிக்காரன் குண்டு எறிஞ்சான், குண்டு செஞ்சது இங்கிலாந்தில பர்மிங்ஹமில. பிரான்ஸ் கொதிக்க, அப்ப பிரதமரா இருந்த பாமர்ஸ்டன் அதுக்கு ஏத்த மாதிரி ஒரு சட்டம் கொண்டுவரப் பார்த்தார், பிரெஞ்சுக்காரனுக்குப் பணிஞ்சு போறியா எண்டு சொல்லி பார்லிமென்ட் அவரின்ட அரசாங்கத்தையே கவுத்துப்போட்டுது. 1859ல பிரான்ஸ் இரும்புக் கவசம் போட்ட குளோர் எண்ட போர்க்கப்பல இறக்கிச்சு, பிரிட்டன் அதுக்கு எதிரா 1860ல வாரியர் கப்பல இறக்கிச்சு, அதோட போர்ட்ஸ்மத், பிளிமத் சுத்திக் கோட்டை கட்டவும் வெளிக்கிட்டுது, யாருக்குப் பயந்து எண்டு நீயே சொல்லு.

இப்ப பாரு, கோட்டை கட்டக் காசு ஒதுக்கின அதே 1860ல, ஜனவரி 23ல இங்கிலீஸ்காரன் கொப்டனும் பிரெஞ்சுக்காரன் செவாலியேயும் பேசி முடிச்ச வர்த்தக ஒப்பந்தத்தில ரெண்டு நாடும் கையெழுத்துப் போடுது. பிரெஞ்சு வைனுக்கும் பட்டுக்கும் பிரிட்டனில வரி குறைஞ்சு போச்சு, பிரிட்டிஷ் துணி, இரும்பு, நிலக்கரி எல்லாம் பிரான்சுக்குள்ள போச்சு. கொப்டனுக்கு நூல், துணி யாவாரம் செய்த கை. ரெண்டு நாட்டு சனமும் ஒண்டுக்கொண்டு வித்து வாங்கிப் பழகினா யுத்தம் வாறது கஷ்டம் எண்டு அவர் மனசார நம்பினவர். சண்டைக்கு ஆயத்தமும் சண்டை வராம இருக்க வழியும் ஒரே வருசத்தில ஒரே அரசாங்கம் செய்யுது. எக்ஸாமில இத எழுதினா நல்ல பொயின்ட், ஒரு பக்கத்த மட்டும் எழுதாத.

கல்முனை நானா:

மாஸ்டரும் தங்கச்சியும் வடிவா எழுதியிருக்கீங்க. மகன், நீ கேட்ட ஃபஷோடாவ நான் சொல்றன், ஆனா அதுக்கு எகிப்தில இருந்துதான் வரணும், எகிப்த விட்டுப்போட்டு ஃபஷோடா ஒருக்காலும் விளங்காது.

சுயஸ் கால்வாய் பிரெஞ்சுக்காரன் லெசெப்ஸ் வெட்டினது, 1869ல திறந்தாங்க. பாமர்ஸ்டன் உயிரோட இருந்த வரைக்கும் அத எதிர்த்தவர், இந்தியாவுக்குப் போற வழி பிரான்சின்ட கையில போயிரும் எண்டு. ஆனா திறந்த பிறகு அதில ஆகக் கூடப் போனது பிரிட்டிஷ் கப்பல்தான். 1875ல எகிப்து மன்னர் கடன் தாங்க ஏலாம தன்ட ஷெயார விக்கப் போறார் எண்டு கேள்விப்பட்டு பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி ரொத்ஸ்சைல்ட் வங்கிக்காரரிட்ட 40 லட்சம் பவுண் கடன் எடுத்து ஒரேயடியா வாங்கிட்டார். மறுகா பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து எகிப்தின்ட வரவு செலவுப் புத்தகத்தயே தங்கட கைக்குள்ள எடுத்திட்டாங்க. எகிப்து ஆக்கள் எவ்வளவு காலம் பொறுக்கிற? ராணுவத்தில கேணலா இருந்த அஹமட் ஒராபி எழும்பினார், எகிப்து எகிப்தியருக்கே எண்டு. 1882ல ரெண்டு நாட்டுக் கப்பலும் அலெக்சாண்ட்ரியாவுக்கு முன்னால வந்து நிண்டுது. ஜூலை 11ல பிரிட்டன் ஊருக்கு ஷெல் அடிக்கக்குள்ள பிரெஞ்சுக் கப்பல் விலகிப் போயிட்டு, பாரிஸ் பார்லிமென்டும் காசு தர மாட்டம் எண்டு கை விரிச்சிட்டு. செப்டம்பர் 13ல தெல் அல் கபீரில ஒராபி தோத்தார். பிரிட்டன் கொஞ்ச நாளைக்கு எண்டு சொல்லி எகிப்துக்குள்ள போய் இருந்திச்சு. அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்ல, பிரான்சுக்கு அந்த வயித்தெரிச்சல் இருவது வருசத்துக்கு மேல இருந்திச்சு.

ஒராபி பாஷாவையும் மத்த ஆறு பாஷாமாரையும் எங்க நாடு கடத்தினாங்க எண்டு தெரியும்தானே. நம்மட நாட்டுக்குத்தான், 1883 ஜனவரியில வந்து இறங்கினாங்க. கொழும்பிலயும் கண்டியிலயும் இருந்து 1901லதான் ஒராபி ஊருக்குத் திரும்பினார். 1892ல மருதானையில சித்திலெப்பை, வாப்புச்சி மரிக்கார் ஆக்களோட சேர்ந்து ஒராபி பாஷாவும் துணை நிண்டு தொடங்கின மத்ரசாதான் பிறகு ஸாஹிறாக் கல்லூரி ஆனது. கல்முனை ஸாஹிறாவில படிச்ச ஆக்களுக்கு அந்தப் பேர் எங்க இருந்து வந்த எண்டு யோசிக்க இது ஒரு நல்ல இடம். ரெண்டு வல்லரசின்ட போட்டியில நாட்ட இழந்த மனுசன் நம்மட பிள்ளைகளுக்குப் படிப்புக்கு வழி காட்டியிருக்கிறார், அல்லாஹ் அவருக்கு நல்ல இடத்தக் குடுக்கட்டும்.

இப்ப ஃபஷோடா. எகிப்தில விட்டத நைல் நதியின்ட மேல் பக்கத்தில பிடிப்பம் எண்டு பிரான்ஸ் 1896ல மார்ஷான் எண்ட கப்டன அனுப்பினது. அட்லாண்டிக் கரையில இருந்து கொங்கோ வழியா ஆப்பிரிக்காவக் குறுக்கறுத்து வரணும். கொஞ்சப் பிரெஞ்சு அதிகாரிமார், செனகல் சிப்பாய்மார் 120 பேர் அளவில, ஃபெதெர்ப் எண்ட ஒரு நீராவிப் படகையும் கழட்டித் துண்டு துண்டாக் காட்டால தூக்கிக்கொண்டு. அதத் தூக்கினது யார்? ஆப்பிரிக்க ஆக்கள், அவங்கட பேர் ஒரு புத்தகத்திலயும் பெரிசா இல்ல. 1898 ஜூலை 10ல வெள்ளை நைல் கரையில ஃபஷோடாவுக்கு வந்து சேர்ந்தாங்க. பழைய பாழடைஞ்ச கோட்டைதான், அதத் திருத்திக் கொடிய ஏத்திப்போட்டு மரக்கறித் தோட்டமும் போட்டாங்க. அந்த மண்ணின்ட ஷில்லுக் மன்னரோட ஒரு ஒப்பந்தமும் செஞ்சாங்க.

செப்டம்பர் 2ல எகிப்துப் படைக்குத் தலைவரா இருந்த பிரிட்டிஷ் தளபதி கிச்சனர், சூடான ஆண்ட மஹ்தி ஆக்களின்ட படைய அங்க ஒம்துர்மானில தோற்கடிச்சார். அங்க அவர்ர கையில லண்டனில இருந்து வந்த உத்தரவு இரிக்கி, தெற்கால போய் யார் நிக்கிறாங்க எண்டு பார். 19ம் திகதி பீரங்கிப் படகுகளோட, ஆயிரத்துக்கு மேற்பட்ட படையோட ஃபஷோடாவுக்கு முன்னால வந்து நிண்டார். மார்ஷானிட்ட நூத்தி சொச்சம் பேர். ஒரு துவக்கு வெடிச்சிருந்தா ஐரோப்பாவில யுத்தம். அந்த நேரம் கிச்சனர் செஞ்சதப் பாரு. பிரிட்டிஷ் உடுப்பப் போடல்ல, எகிப்துப் படையின்ட உடுப்பும் தலையில துருக்கித் தொப்பியும். இங்கிலீசில கதைக்கல்ல, நல்ல பிரெஞ்சில கதைச்சார். பிரெஞ்சுக் கொடிய இறக்கு எண்டு நிக்கல்ல, கொஞ்சம் தள்ளி எகிப்துக் கொடிய ஏத்தினார். நான் எகிப்து மன்னரின்ட பேரில வந்திரிக்கன், பெரிய தீர்ப்ப நம்மட அரசாங்கங்கள் பேசட்டும் எண்டு முடிச்சார். மார்ஷானும் இந்தக் கொடிய விட்டு நான் அசைய மாட்டன், செத்தாலும் இங்கதான் எண்டு மரியாதையோட சொன்னார். மறுகா ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் குடிக்கக் குடுத்தாங்க. போறப்போ கிச்சனர் பிரெஞ்சுப் பேப்பர்கள் கொஞ்சம் குடுத்திட்டுப் போனார். ரெண்டு வருசமாச் செய்தி தெரியாத அந்த அதிகாரிமார் அதப் பிரிச்சுப் பார்த்தா டிரேஃபஸ் எண்ட யூத அதிகாரியப் பொய்யா உளவாளி எண்டு தண்டிச்ச வழக்கில தங்கட நாடே ரெண்டாக் கிழிஞ்சு கிடக்கு. அதப் படிச்சுப்போட்டு அழுதிரிக்காங்க.

பாரிசில புதுசா வெளிநாட்டு அமைச்சரான டெல்காசேக்கு எல்லாம் விளங்கிட்டு. பிரிட்டிஷ் நேவிக்கு முன்னால நிக்க ஏலாது, கூட்டாளி ரஷ்யா இதுக்காக வராது, ராணுவமே டிரேஃபஸ் பிரச்சினையில கிடக்கு, கிழக்கால ஜெர்மனி. நவம்பர் 3ல மார்ஷானத் திரும்பச் சொல்லி முடிவெடுத்தாங்க. மார்ஷான் டிசம்பர் 11ல வெளிக்கிட்டார், ஆனா இங்கிலீஸ்காரனின்ட நைல் வழியால போக மாட்டன் எண்டு அபிசீனியா (இண்டைய எத்தியோப்பியா) வழியா ஜிபூட்டிக்குப் போனார். 1899 மார்ச் 21ல நைலுக்கும் கொங்கோவுக்கும் நடுவில தண்ணி பிரியிற கோட்ட எல்லையாப் போட்டு முடிச்சாங்க.

களுவாஞ்சிக்குடி பொடியன்:

நானா, மாஸ்டர், அக்கா மூணு பேருக்கும் பெரிய நன்றி. ரெண்டு தரம் வாசிச்சிட்டன். ஒரு விசயம் மனசில குத்துது. ஷில்லுக் மன்னரிட்ட ஒப்பந்தம் போட்டாங்க எண்டு நானா சொன்னார், மறுகா எல்லை போடக்குள்ள அந்த மன்னரக் கூப்பிட்டாங்களா? பெல்ஜியத்துக்காவது ஒரு ராசாவக் கேட்டுத்தானே வச்சாங்க. அதோட 1904 ஒப்பந்தம் ராணுவக் கூட்டா, இல்லாட்டி வெறும் சமாதானமா? பாஸ்ட் பேப்பரில இது வந்திருக்கு.

கோட்டைமுனை:

இதுவரைக்கும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தன். தம்பி கேட்ட முதல் கேள்விக்கு நான் சொல்றன். கூப்பிடல்ல. எல்லை போட்டது லண்டனில ஒரு பிரெஞ்சுத் தூதுவரும் ஒரு பிரிட்டிஷ் பிரதமரும்.

அதப் படிக்க சூடான் வரைக்கும் போகத் தேவையில்ல, நம்மட மட்டக்களப்பு புளியந்தீவுக் கோட்டை வாசலுக்குப் போய் நிமிர்ந்து பார். ஒல்லாந்துக் கம்பனியின்ட சின்னம் இண்டைக்கும் இருக்கு. அந்தக் கோட்டை போர்த்துக்கீசன் 1628ல கட்டி, 1638ல ஒல்லாந்தன் பிடிச்சது. 1795 தொடக்கத்தில பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள்ள போன உடன அங்க ஆட்சியில இருந்த ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடிப்போய், கியூ எண்ட இடத்தில இருந்து ஒரு கடிதம் எழுதினான், நம்மட கோட்டையெல்லாம் இங்கிலீஸ்காரனிட்டக் குடுங்க, பிரெஞ்சுக்காரனின்ட கையில போயிரக் கூடாது எண்டு. ஓகஸ்டில திருகோணமலை போச்சு, செப்டம்பரில மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும், மறு வருசம் பெப்ரவரியில கொழும்பு. இவ்வளவுக்கும் காரணம் நாம இல்ல, பாரிசுக்கும் லண்டனுக்கும் நடுவில இருந்த சண்டை.

1802 மார்ச் 27ல பிரான்சில ஏமியன்ஸ் ஊரில சமாதான ஒப்பந்தம். பிரிட்டன் பிடிச்சு வச்சிருந்த குடியேற்றங்கள் கிட்டத்தட்ட எல்லாத்தையும் திருப்பிக் குடுத்திச்சு, வச்சுக்கொண்டது ரெண்டே ரெண்டு, ஸ்பெயினின்ட டிரினிடாட்டும் ஒல்லாந்தின்ட இலங்கையும். திருகோணமலைத் துறைமுகம்தான் அவங்கட கண்ணுக்குள்ள நிண்டது, இந்தியாவின்ட கிழக்குக் கரையில காத்துக் காலத்தில கப்பல் ஒதுங்க அது மாதிரி இடம் இல்ல. அந்தச் சமாதானம் 1803 மே மாசத்தில முறிஞ்சு திரும்ப யுத்தம் வந்திட்டு, ஆனா இலங்கை திரும்பிப் போகல்ல. நாம ஒரு நாட்டின்ட பட்டியலில இருந்து இன்னொரு நாட்டின்ட பட்டியலுக்கு மாறினம், ஏமியன்ஸில ஒரு இலங்கையன்கூட இருக்கல்ல.

இன்னொண்டையும் சேர்த்துப் பாரு தம்பி. வியன்னாவில மாநாடு நடந்துகொண்டு இருக்கக்குள்ள 1815 மார்ச் 1ல நெப்போலியன் எல்பாவில இருந்து தப்பி பிரான்ஸ் கரையில இறங்குறான். அடுத்த நாள், மார்ச் 2ல, கண்டி ஒப்பந்தம். ஐரோப்பாவில ஒரு துண்டு நிலத்துக்கு மாசக்கணக்கா மேசையில இருந்து பேசின அதே வல்லரசு இங்க ஒரு ராச்சியத்தையே ஒரு நாளில எழுதி எடுத்திட்டுது. அவங்க தங்களுக்குள்ள அடிபடாம இருந்ததப் பெரிசா எழுதுற புத்தகங்கள் இதையும் அதே பக்கத்தில எழுத வேணும் எண்டுதான் நான் கேக்கிறன்.

வாவிக்கரை மாஸ்டர்:

கோட்டைமுனை சொன்னதுக்கு நான் முழுச் சம்மதம். 1904 ஒப்பந்தத்துக்குள்ளயும் அதுதான் கிடக்கு, இப்ப பார்.

ஆரையம்பதிப் பிள்ளை ஞாபகத்தில வச்சுக்கொள் எண்டு சொன்ன பொடியன் 1901ல ஏழாம் எட்வேர்ட் ராசாவா வந்து, 1903 மே மாசம் பாரிசுக்கு வாறார். ரோட்டில நிண்ட சனம் மார்ஷான் வாழ்க, ஃபஷோடா வாழ்க, போயர்கள் வாழ்க எண்டு கத்தினது. அவர் முகம் சுளிக்காம எல்லாருக்கும் தொப்பிய எடுத்து மரியாதை காட்டி, பிரெஞ்சில கதைச்சு, தியேட்டருக்குப் போய்ப் பழைய நடிகையக் கண்டு வாயாரப் புகழ்ந்து, போற அண்டைக்கு அதே சனம் ராசா வாழ்க எண்டு கத்திச்சு. ஆனா ராசா தொப்பி எடுத்ததால மட்டும் ஒப்பந்தம் வராது. தென்னாபிரிக்காவில ஒல்லாந்து வழி வந்த போயர்களோட நடந்த யுத்தத்தில பிரிட்டன் தனிச்சுப் போய் நிண்டது, ஜெர்மனி 1898லயும் 1900லயும் நேவிச் சட்டம் போட்டுக் கப்பல் கட்டத் தொடங்கிட்டு. அதோட பிரிட்டன் 1902ல ஜப்பானோட கூட்டு, பிரான்ஸ் ரஷ்யாவோட கூட்டு. 1904 பெப்ரவரியில ஜப்பானும் ரஷ்யாவும் யுத்தம் தொடங்கின உடன லண்டனுக்கும் பாரிசுக்கும் வயித்தில புளி கரைச்சிட்டு, கூட்டாளிக்காக நாம ரெண்டு பேரும் அடிபட வேண்டி வந்திருமோ எண்டு. ரெண்டு மாசத்தில, ஏப்ரல் 8ல, பிரிட்டிஷ் வெளிநாட்டு அமைச்சர் லான்ஸ்டவுனும் பிரெஞ்சுத் தூதுவர் கம்போனும் கையெழுத்துப் போட்டாங்க.

உள்ளுக்குள்ள என்ன இருக்கு எண்டா, எகிப்தில பிரிட்டன் செய்யிறத பிரான்ஸ் தடுக்காது, மொரோக்கோவில பிரான்ஸ் செய்யிறத பிரிட்டன் தடுக்காது. நியூஃபவுண்ட்லாந்து கரையில பிரெஞ்சு மீன்காரருக்கு 1713ல இருந்து இருந்த உரிமைச் சண்டை, சியாமில (இண்டைய தாய்லாந்து) யாருக்கு எந்தப் பக்கம், மடகஸ்கார், பசிபிக் கடலில நியூ ஹெப்ரிடீஸ் தீவுகள் எல்லாம் தீர்த்தாங்க. எகிப்து ஆக்களையும் மொரோக்கோ ஆக்களையும் கேட்டாங்களா எண்டு நீ கேப்பாய், இல்ல.

ராணுவக் கூட்டா எண்டு கேட்டாய். இல்ல தம்பி, நீ சண்டைக்குப் போனா நானும் வருவன் எண்டு அதில ஒரு வரிகூட இல்ல, எக்ஸாமில கூட்டணி எண்டு எழுதிராத. பழைய வழக்குகளத் தீர்த்தது மட்டும்தான். அத இறுக்கினது ஜெர்மனி. 1905 மார்ச் 31ல கைசர் வில்ஹெல்ம் டாஞ்சியருக்குப் போய் இறங்கி மொரோக்கோ சுதந்திரமா இருக்கணும் எண்டு சொன்னார், இந்தப் புது உறவ உடைச்சிரலாம் எண்ட கணக்கு. 1906 அல்ஜெசிராஸ் மாநாட்டில பிரிட்டன் பிரான்சுக்குப் பக்கத்தில நிண்டது, ரெண்டு நாட்டு ராணுவ அதிகாரிமாரும் ரகசியமாப் பேசத் தொடங்கினதும் அந்தக் காலம்தான். 1912ல பிரெஞ்சுக் கப்பல்கள் மத்தியதரைக் கடல் பக்கம் சேர, பிரிட்டிஷ் கப்பல்கள் வட கடல் பக்கம் சேர்ந்தது. அந்த நவம்பரில பிரிட்டிஷ் வெளிநாட்டு அமைச்சர் கிரேயும் கம்போனும் மாத்தி எழுதின கடிதத்திலகூட, ஆபத்து வந்தா கலந்து பேசுவம் எண்டுதான் இருக்கு, சேர்ந்து அடிப்பம் எண்டு இல்ல. அந்தக் கடிதம் ரெண்டையும் வாசிச்சுப்போட்டு வா, 1914ல லண்டனில என்ன நடந்த எண்டத அடுத்த முறை எழுதுறன்.